மெல்லிசை நகரம் – 17: அவர்கள் எப்போது பிரிந்தார்கள்?

1995-ஆம் வருஷம். மந்தைவெளி வீட்டுச் சமையலறையில் அம்மா வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுக்கிற வேலை. கண்ணை எடுக்க முடியாது. நான் பேப்பரில் படித்ததை நிலைப்படியில் நின்றபடியே சொன்னேன். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் முப்பது வருஷத்துக்குப் பிறகு மறுபடி சேர்ந்து ஒரு படத்துக்கு இசையமைக்கிறார்கள்; சத்யராஜும் ரோஜாவும் நடிக்கிற படம்; பேர் 'எங்கிருந்தோ வந்தான்'.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"சேர்ந்துட்டாங்களா? ஏண்டா, அவங்க எப்ப பிரிஞ்சாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. 'பாசமலர்' பாட்டு எதையும் முதல் நாலு நொடியில் கண்டுபிடித்துவிடுகிறவள். 'பாலும் பழமும்', 'ஆலயமணி', 'படகோட்டி' என்று படம் படமாக, சரணம் சரணமாக மனப்பாடம். அவளுக்கா தெரியாது? 1965-லேயே பிரிந்துவிட்டார்கள் அம்மா, நான் பிறப்பதற்கு முன்னாலேயே என்று விளக்கினேன். அவள் நம்பாத முகத்தோடு மறுபடி தண்டைக் கையில் எடுத்தாள்.

அந்தக் கேள்வியை அன்று அறியாமை என்றுதான் எடுத்துக்கொண்டேன். இந்தத் தொடருக்காகப் பழைய காலத்தைப் புரட்டத் தொடங்கிய பிறகு, அந்தச் சேர்க்கையைப் பற்றி யாரும் கேட்டதிலேயே சரியான கேள்வி அதுதான் என்று படுகிறது.

*

போன அத்தியாயத்தை இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமன் இறந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். 1952 ஜூன். அவருக்கு 28 வயது. 'தேவதாஸ்' உட்படக் கையில் இருந்த படங்கள் பாதியில் நின்றன. அவர் குழுவில் ஆர்மோனியம் வாசித்த எம்.எஸ். விஸ்வநாதனும் வயலின் வாசித்த டி.கே. ராமமூர்த்தியும் அந்த மிச்ச வேலையை முடித்துக் கொடுத்தார்கள். ஒரு சாவு வீட்டில் தொடங்கிய கூட்டணி இது. பின்னாளில் இந்த இருவரைப் பற்றி வந்த கொண்டாட்டப் பேச்சுகளில் இது விட்டுப்போகிறது.

இரண்டு பேரும் வந்த வழி வேறு வேறு. ராமமூர்த்தி 1922-இல் திருச்சியில் பிறந்தவர். மலைக்கோட்டை கோவிந்தசாமி பிள்ளையின் பேரன். வயலின் அந்த வீட்டில் பரம்பரைச் சொத்து. விஸ்வநாதன் 1928-இல் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் பிறந்தவர். சிறு வயதில் தகப்பனை இழந்து தாத்தா வீட்டில் வளர்ந்து, கண்ணூரில் நீலகண்ட பாகவதரிடம் பாட்டுக் கற்று, ஜூபிடர் பிக்சர்ஸில் எடுபிடி வேலையிலிருந்து மேலே வந்தவர். ஒருவருக்கு இசை பிறப்போடு வந்தது. மற்றவர் அதைத் தட்டித் தட்டித் திறந்துகொண்டார்.

இருவரையும் ஜோடியாக்கியவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். இந்தியில் சங்கர்–ஜெய்கிஷன் கொடிகட்டிப் பறந்த காலம். அதைப் போலத் தமிழிலும் ஒரு ஜோடி வேண்டும் என்று கலைவாணர் தான் இயக்கிய 'பணம்' படத்தை இவர்களிடம் கொடுத்தார். படம் 1952 டிசம்பரில் வந்தது. பெயர் வரிசையைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ராமமூர்த்தி ஆறு வயது மூத்தவர். ஆனால் பெயர் பின்னால் வருகிறது. சின்னவன் முன்னால் போகட்டும், பெரியவர் பின்னால் நின்று தாங்கட்டும் என்று கலைவாணர் சொன்னதாகவும், ராமமூர்த்தி மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டதாகவும். அந்த வரிசை பிறகு மாறவே இல்லை.

1963 ஜூன் 16 அன்று திருவல்லிக்கேணி கல்ச்சுரல் அகாடமி நடத்திய விழாவில் சிவாஜி கணேசன் கையால் 'மெல்லிசை மன்னர்கள்' பட்டம் கிடைத்தது. பன்மைப் பட்டம். இதைக் கவனிக்க வேண்டும். பட்டத்திலேயே 'கள்' விகுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு ஒருவரை மட்டும் சொல்லும்போது அந்த விகுதியைப் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது.

*

பட்டம் வந்த பிறகான இரண்டு வருஷம்தான் இந்தத் தொடர் முழுவதிலும் எனக்கு எழுத ஆசையாக இருக்கிற காலம். 1964 பொங்கலுக்குக் 'கர்ணன்'. அடுத்த மாதமே 'காதலிக்க நேரமில்லை'. அதே வருஷம் 'புதிய பறவை', 'படகோட்டி', 'சர்வர் சுந்தரம்'. 1965 பொங்கலுக்கு 'எங்க வீட்டுப் பிள்ளை', சித்திரைப் பிறப்புக்கு 'வெண்ணிற ஆடை', ஜூலை 9-இல் 'ஆயிரத்தில் ஒருவன்'. பதினெட்டு மாதத்துக்குள் இத்தனை. பீட்டில்ஸ் குழு அமெரிக்காவில் இறங்கி அந்த நாட்டையே ஆட்டிவைத்ததும் 1964-இல்தான். கோடம்பாக்கத்தில் அதே மாதங்களில் நடந்ததை அதற்குச் சற்றும் குறைவாக நான் மதிப்பதில்லை.

'கர்ணன்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அஸ்தினாபுரம் வடக்கே இருக்கிறது என்று சாரங்கியும் ஷெனாயும் சந்தூரும் வரவழைத்தார்கள். இந்துஸ்தானி ராகங்களின் சாயலைத் தமிழ் வார்த்தைக்குள் இறக்கினார்கள். போர்க்களத்தில் கர்ணன் சாய்ந்து கிடக்கும்போது சீர்காழி கோவிந்தராஜன் குரலில் வருகிற பாட்டு சக்கரவாகத்தில் அமைந்தது. அறுபது வருஷமாகியும் அதைக் கேட்டுக் கலங்காமல் எழுந்தவர்களை நான் கண்டதில்லை. அடுத்த மாதமே 'காதலிக்க நேரமில்லை' இயக்குநர் ஸ்ரீதருக்காக ட்விஸ்ட்டும் கிடாரும். 'புதிய பறவை'யில் மனம் குலைந்த சிவாஜிக்கு ஒரு பெரும் வாத்தியப் படையே பின்னால் நிற்கிறது. இவ்வளவு தூரம் விலகிய மூன்று இடங்களுக்கு ஒரே ஜோடி எப்படிப் போய்வந்தது?

லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடைக்கு வருகிற பெரியவர்கள் இதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். வயலின்கள் கொத்தாக எழுந்தால் "அது ராமமூர்த்தி கை" என்பார் ஒருவர். மெட்டு திடீரென்று எதிர்பாராத இடத்துக்குத் தாவினால் "அது விசு ட்யூன், வேற யாருக்கு வரும்?" என்பார் இன்னொருவர். ராகத்தின் இலக்கணம் மூத்தவருடையது, மெட்டின் ஊற்று இளையவருடையது என்று பங்கு பிரிப்பது வழக்கமாகிவிட்டது. அந்தப் பிரிவினை எனக்கு ஒப்பவில்லை. ஆர்மோனியத்தின் மேல் இருக்கும் விரலுக்கும் வயலின் மேல் இருக்கும் வில்லுக்கும் நடுவில், இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த இடத்தில் பிறந்த பாட்டு அது. அதை அறுத்து எடை போட முடியாது.

இரண்டு பேர் என்று சொல்வதும் பாதி உண்மைதான். மேல்நாட்டு முறையில் வாத்தியங்களுக்குக் குறிப்பு எழுதிய ஹென்றி டேனியல், உதவியாளராக இருந்த கோவர்த்தனம், ஜோசப் கிருஷ்ணா, கிடார் பிலிப்ஸ், அக்கார்டியன் மங்களமூர்த்தி, டிரம்ஸ் நோயல் கிராண்ட், புல்லாங்குழல் நஞ்சப்பா, பறவைக் குரலும் விசில் ஒலியும் தந்த சதன். இவர்கள் எல்லாரையும் சேர்த்தால்தான் அந்தக் குழு. ஒரு ராக் இசைக்குழுவுக்கு நாலு பேர் என்றால் இங்கே நாற்பது பேர். இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். 1995-க்கு வரும்போது தேவைப்படும்.

*

'ஆயிரத்தில் ஒருவன்' வந்த வருஷமே பிரிந்தார்கள்.

ஏன் பிரிந்தார்கள் என்பதற்கு ஊரில் ஏழெட்டுக் கதைகள் உண்டு. தி.நகரில் ஒன்று, மயிலாப்பூரில் ஒன்று, வடபழனியில் ஒன்று. எதையும் இங்கே எழுதப் போவதில்லை. பதின்மூன்று வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்த இருவருக்குள் நேர்ந்தது அவர்களுடையது. எனக்குச் சரிபார்க்க வழியில்லாத ஒன்றை வரலாறு என்ற பேரில் அச்சிட மனம் வரவில்லை.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். விஸ்வநாதன் தனியாக 'அன்பே வா' (1966) தொடங்கி 'உலகம் சுற்றும் வாலிபன்' (1973) வழியாக, ஒரு பாட்டுக் குழுவின் கதையையே படமாக்கிய 'நினைத்தாலே இனிக்கும்' (1979) வரைக்கும் நூற்றுக்கணக்கான படங்கள் செய்தார். 1970-இல் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மெட்டமைத்தவரும் அவர்தான். தினமும் காலையில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று பாடுகிற மெட்டு. ராமமூர்த்தி தனியாகச் செய்தவை இருபதுக்கும் குறைவு: 'சாது மிரண்டால்', 'தேன்மழை', 'மறக்க முடியுமா', 'நான்', 'மூன்றெழுத்து', 'தங்கச்சுரங்கம்'... பிறகு அந்த வரிசை மெல்ல ஓய்ந்துபோனது. 'மறக்க முடியுமா'வின் பாட்டுகளைக் கேட்டவர்கள், இவ்வளவு ஆற்றல் இருந்தும் ஏன் ஓய்ந்தார் என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள். அவருக்கு இந்த ஊர் செய்தது போதாது. நான் இதைப் பல காலமாகச் சொல்லி வருகிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வரலாம்.

1952-இலிருந்து சில வருஷம் அகில இந்திய வானொலி திரைப்பாட்டைத் தள்ளி வைத்திருந்தது. அந்த இடைவெளியில் இலங்கை வானொலி தமிழ்நாட்டுக் கூடங்களில் வந்து உட்கார்ந்துகொண்டது. 1957-இல் விவித் பாரதி வந்தது. இரண்டிலும் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ படம், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். 1975-இல் 'பாவமன்னிப்பு' பாட்டு ஒலித்தாலும், 1985-இல் ஒலித்தாலும், அறிவிப்பாளர் 'இசை: விஸ்வநாதன் ராமமூர்த்தி' என்று ஒரே மூச்சில்தான் சொல்வார். நடுவில் ஒரு கமா விழும் நேரம்கூட விடமாட்டார். 'அன்பே வா' பாட்டு வந்தால் விஸ்வநாதன் பெயர் மட்டும். அடுத்த பாட்டு 'பாசமலர்' என்றால் மறுபடி இரண்டு பேரும். அடுக்களையில் நின்று கேட்கிறவளுக்கு இதிலிருந்து எந்தப் பிரிவும் தெரிய வழியில்லை. சில நாள் ஒருவர் தனியாக வருகிறார், சில நாள் இருவரும் சேர்ந்து வருகிறார்கள், அவ்வளவுதான். காமராஜர் சாலை வானொலி நிலையத்திலிருந்து சாந்தோமில் விஸ்வநாதன் வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். அவ்வளவு பக்கத்தில் இருந்த நிலையம், அவர்கள் பிரிந்திருந்த முப்பது வருஷமும் தினம் தினம் அவர்களைச் சேர்த்துவைத்துக்கொண்டே இருந்தது.

ஆக, எங்கள் வீட்டில் 1995-இல் வந்த செய்தி ஒரு சேர்க்கையின் செய்தி ஆகவில்லை. பிரிவுச் செய்தி முப்பது வருஷம் தாமதமாக வந்து சேர்ந்ததாக ஆகிவிட்டது. அன்று மாலை அம்மா விளக்கேற்றிவிட்டு வந்து, "சண்டையாடா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

*

1995-ஐக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். பொங்கலுக்கு 'பாட்ஷா' வந்து தெருவெல்லாம் தேவாவின் இசை. 'பம்பாய்' வந்தது, 'ரோஜா'வில் தொடங்கிய ரஹ்மானின் அலை தணியவே இல்லை. பஸ்ஸிலும் டீக்கடையிலும் இளையராஜா இருந்தார். விஸ்வநாதனே இதற்குள் இன்னொரு ஜோடிப் பெயரில் பாதியாகியிருந்தார்: 'மெல்லத் திறந்தது கதவு' (1986), 'செந்தமிழ்ப் பாட்டு' (1992), 'செந்தமிழ்ச் செல்வன்' (1994) மூன்றிலும் இளையராஜாவோடு. பழைய ஜோடி மறுபடி சேர்ந்த செய்தி இந்தச் சத்தத்துக்கு நடுவில் வந்தது.

விஷயம் தெரிந்த ரசிகர்கள் கொண்டாடினார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், தபால் துறையில் ஓய்வு பெற்றவர், கபாலி கோயில் குளக்கரையில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். அவர் அப்போது பேசியது வரப்போகிற படத்தைப் பற்றியே இல்லை. 1961-இல் எந்தத் தியேட்டரில் யாரோடு உட்கார்ந்து 'பாசமலர்' பார்த்தார், இடைவேளையில் என்ன சாப்பிட்டார், திரும்பி நடந்து வந்த வழியில் எந்தப் பாட்டை யார் பாடினார்கள் என்பதையே மறுபடி மறுபடி சொன்னார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் நிஜம். ஆனால் அது வரப்போகிற பாட்டுக்கானதல்ல என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

நான் தி.நகரில் கேசட் வாங்கினேன். வாங்கி வந்து கூடத்தில் போட்டேன். இரண்டு பக்கமும் ஓடி முடிந்தது. நானும் அம்மாவும் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் நானே போய், ஒரு வெற்று 90 நிமிஷக் கேசட்டைக் கொடுத்து, தாளில் எழுதிவைத்த பட்டியலையும் கொடுத்து, 1961-லிருந்து 1965 வரைக்குமான இருபது பழைய பாட்டுகளைப் பதிவு செய்து வாங்கி வந்தேன். புதிய கேசட் மேசை இழுப்பறைக்குள் போனது. அதை நான் இரண்டாவது தடவை முழுதாகக் கேட்டதாக நினைவில்லை. எழுபது வயதைத் தாண்டிய ராமமூர்த்தியும் அதை நெருங்கிக்கொண்டிருந்த விஸ்வநாதனும் மறுபடி ஒரு ஆர்மோனியத்துக்கு எதிரே உட்கார்ந்து செய்த வேலைக்கு நான் கொடுத்தது ஒரு மணி நேரம். இன்று வரை அது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

ஏன் அப்படி நடந்தது என்று பலநாள் யோசித்திருக்கிறேன். மேலே சொன்ன நாற்பது பேர் கணக்கு இங்கேதான் வருகிறது. 1964-இல் பாட்டுப் பதிவு என்றால் எல்லாரும் ஒரே தியேட்டரில், ஒரே நேரத்தில். பாடகர் பாடும்போதே வயலின்களும் வாசிக்கின்றன, தபலாவும் வாசிக்கிறது. மூன்றாவது நிமிஷத்தில் ஒரு வில் பிசகினால் எல்லாரும் மறுபடி முதலிலிருந்து. அதனால் ஒத்திகை நீளும். எல்லார் காதும் எல்லார் மேலும் இருக்கும். நாற்பது பேர் ஒரே மூச்சை இழுத்து விடுகிற சத்தத்தை அந்தப் பாட்டுகளில் நீங்கள் கேட்கலாம். 1995-இல் அந்த முறை போய்விட்டது. ட்ராக் ட்ராக்காக, ஆள் ஆளாக, வேறு வேறு நாளில் பதிவாயிற்று. வயலின் கூட்டம் வாசிக்க வேண்டியதைக் கீபோர்டே வாசித்துவிடும். பெயர்ப் பலகையில் இரண்டு மன்னர்களும் திரும்பி வந்தார்கள். படை வரவில்லை. வரக்கூடிய காலமும் அது இல்லை.

இன்னொன்று. ரசிகனுக்கு வேண்டியிருந்தது பழைய பாட்டோடு அவர்கள் இருவரையும் ஒரு மேடையில் பார்ப்பது. எங்கள் கைக்கு வந்தது புதிய பாட்டு. வெளிநாட்டில் இதை வேறு மாதிரி கையாண்டார்கள். ஈகிள்ஸ் குழு பதினான்கு வருஷத்துக்குப் பிறகு 1994-இல் சேர்ந்தபோது நேரே மேடையேறி, ஜனங்கள் கேட்ட பழைய பாட்டுகளை வாசித்தது. 1995 டிசம்பரில், நம் ஜோடி சேர்ந்த அதே வருஷம், பீட்டில்ஸில் மிஞ்சியிருந்த மூன்று பேர், 1980-இல் கொல்லப்பட்ட ஜான் லெனனின் பழைய வீட்டுப் பதிவு ஒன்றை எடுத்து, அவர் குரலைச் சுற்றித் தாங்கள் வாசித்து 'ஃப்ரீ ஆஸ் எ பேர்ட்' என்று வெளியிட்டார்கள். அது புதிய பாட்டுதான். ஆனால் உள்ளே இருந்தது பழைய குரல்.

2025 ஜூலை 5-ஆம் தேதி பர்மிங்காம் வில்லா பார்க் மைதானத்தில் பிளாக் சபாத் குழுவின் அசல் நால்வரும் இருபது வருஷத்துக்குப் பிறகு ஒரே மேடையில் ஏறினார்கள். ஓசி ஆஸ்பார்ன் நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். அடையாறில் என் நண்பர் வீட்டில் அவர் மகன் அதை நள்ளிரவுக்கு மேல் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தான். நாலே நாலு பாட்டு, நாலும் அவன் பிறப்பதற்கு முப்பது வருஷம் முந்தையவை. அவன் அழுததாக நண்பர் சொன்னார். பதினேழாம் நாள் ஓசி இறந்துபோனார். அந்தப் பையனிடம் நான் விஸ்வநாதன்–ராமமூர்த்தி கதையைச் சொன்னேன். அவன் கேட்டது ஒன்றுதான்: "அங்கிள், 1995-ல அவங்க 'புதிய பறவை' பாட்டை வாசிச்சிருந்தா நீங்க போயிருப்பீங்கல்ல?" போயிருப்பேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

*

நாங்கள் கேட்ட மேடை 1995-இலிருந்து பதினேழு வருஷம் கழித்து, யாரும் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. 2012 மார்ச் 16-இல் 'கர்ணன்' டிஜிட்டலில் துலக்கப்பட்டு மறுபடி திரைக்கு வந்தது. ராயப்பேட்டை சத்யம் வளாகத்தில் நூறு நாளைத் தாண்டி ஓடியது. 48 வருஷம் பழைய படம்! நான் இரண்டாவது வாரம் போனேன். வேட்டி கட்டிய பெரியவர்களைப் பேரன் பேத்திகள் கைப்பிடித்து ஏற்றிக்கொண்டு வந்தார்கள். சிவாஜி பெயருக்குக் கைதட்டல் எழும் என்று தெரியும். இயக்குநர் பந்துலு பெயருக்கும் எழுந்தது. திரையில் 'விஸ்வநாதன்–ராமமூர்த்தி' என்று வந்தபோது எழுந்த கைதட்டல் வேறு விதம். முன்வரிசைக் கூச்சலாக இல்லை. பின்வரிசைகளிலிருந்து, மெதுவாக, நிற்காமல் வந்தது. என் பக்கத்து இருக்கைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நாற்பது பேரும் திரும்பி வந்திருந்தார்கள். சாரங்கி, ஷெனாய், வயலின் கூட்டம், எல்லாம் அதே மூச்சில். அசல் குழு சேர்வதென்றால் அது இந்த ஒரு வழியில்தான் நடந்திருக்க முடியும்.

அதே வருஷம் ஆகஸ்ட் 29 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா இருவருக்கும் 'திரையிசைச் சக்கரவர்த்தி' பட்டம் கொடுத்தார். தலா 60 பொற்காசும் ஆளுக்கொரு காரும். கொடுத்தவர் யார் என்பதை நினைத்துப் பாருங்கள். தமிழில் அவர் கதாநாயகியாக அறிமுகமான 'வெண்ணிற ஆடை'க்கும், எம்.ஜி.ஆரோடு முதலில் நடித்த 'ஆயிரத்தில் ஒருவ'னுக்கும் இசை இந்த இருவர்தான். ஜோடி உடைவதற்கு முந்தைய கடைசி மாதங்களில் அவர்கள் மெட்டுக்கு உதடசைத்த பெண், 47 வருஷம் கழித்து மேடையில் இருவரையும் சேர்த்து நிறுத்தினார். இருவரில் ஒருவருக்கும் பத்ம விருது என்று ஒன்று கடைசிவரை வரவில்லை. தில்லிக்குத் தெரியாதது போயஸ் தோட்டத்துக்குத் தெரிந்திருந்தது.

நாங்கள் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தோம். ராமமூர்த்திக்கு 90 வயது, விஸ்வநாதனுக்கு 84. அம்மா நாற்காலியை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இதுல ராமமூர்த்தி யாருடா?"

அறுபது வருஷமாக அந்தப் பெயரைச் சொல்லி வந்திருக்கிறாள். முகம் தெரியாது. விஸ்வநாதன் 'காதல் மன்னன்', 'காதலா காதலா' படங்களில் நடித்தவர். ரஹ்மானின் இசையில் 'சங்கமம்', 'கன்னத்தில் முத்தமிட்டால்' படங்களில் பாடியவர். நெற்றிக் குங்குமத்தோடு எல்லாருக்கும் தெரிந்த முகம். ராமமூர்த்தி அவளுக்கு வானொலியில் வருகிற ஒரு பெயரின் இரண்டாம் பாதி. நான் திரையில் விரல் வைத்துக் காட்டினேன். அந்த விழா முடிகிறவரை அவள் அவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

2013 ஏப்ரல் 17-இல் ராமமூர்த்தி காலமானார். அடுத்த வருஷம் மார்ச்சில் 'ஆயிரத்தில் ஒருவன்' மறுபடி திரைக்கு வந்து இந்த ஊரில் வெள்ளிவிழாவே கொண்டாடியது. பிரிவதற்கு முன் சேர்ந்து செய்த அந்தப் படத்துக்குக் கைதட்டல் எழுந்தபோது, அதைக் கேட்க ஒருவர்தான் இருந்தார்.

2015 ஜூலை 14 விடியற்காலை, அடையாறில் ஒரு மருத்துவமனையில் விஸ்வநாதனும் போய்ச் சேர்ந்தார். 'ஆயிரத்தில் ஒருவன்' முதலில் வெளியாகி ஐம்பது வருஷமும் ஐந்து நாளும் ஆகியிருந்தது. அன்று காலை நான் சாந்தோம் போய் வந்தேன். தெருவில் கூட்டம். திரும்பி வந்தபோது அம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தாள். ஏதோ ஒரு சேனலில் அவர் பாட்டுகளாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 'பாலும் பழமும்' போனது, 'ஆலயமணி' போனது, 'பாசமலர்' வந்தது. திரையின் அடியில் எழுத்து ஓடியது: இசை எம்.எஸ். விஸ்வநாதன்.

"இது 'பாசமலர்'தானே," என்றாள் அம்மா. "ராமமூர்த்தி பேரை ஏண்டா போடல?"